ஹாஸ்டல் குழாயடியில் ஒரு கல்

போன சனிக்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு மலை இறங்கினேன். சொந்த ஜீப். அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வாங்கிய மூன்றாவது ஜீப் – இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

போனது என் கடைக்குட்டி மெர்சியைக் கூட்டிவர. யூனிவர்சிட்டி ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்சி. படிக்கிறாள். முதல் நாள் போனில் சொன்னாள்: "போர்வெல் வத்திருச்சுப்பா. இப்ப ஒரே குழாய்தான். ஹாஸ்டலே அத்தை லயம் மாதிரி ஆயிருச்சு."

லயம்! மூணாறு எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்குக் கொடுக்கிற வரிசை வீடு. நான் பிறந்த இடம். என் தங்கச்சி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மொத்த வரிசைக்கும் ஒரே குழாய். என் பிள்ளைகள் குழாயடியில் நிற்கக்கூடாது என்றுதானே சாந்தன்பாறையில் வீடு கட்டி, மொட்டைமாடியில் ரெண்டு டேங்க் ஏற்றினேன்?

ஹாஸ்டல் வாசலிலேயே வார்டனைப் பிடித்துவிட்டேன்.

"டீச்சர், எம் மகளைப் படிக்க அனுப்பினேனா, தண்ணி புடிக்க அனுப்பினேனா? பெட்டியக் கட்டச் சொல்லுங்க!"

மெர்சி ஓடி வந்தாள். "எப்பா, மெதுவாப் பேசுங்க. நான் வரல."

"பரீட்சை வருது. குளிக்கத் தண்ணியில்லாம என்னத்தப் படிப்ப?"

"போன வாரம் வந்திருந்தா நானே ஜீப்புல ஏறியிருப்பேன். முடியப் புடிச்சிச் சண்டை. பாதிப் பேரு ஊருக்கே போயிட்டாளுக. இப்ப அங்க பாருங்க."

பார்த்தேன். குழாயடியில் ஒரு பெண்தான். அவளுக்குப் பின்னால் பக்கெட் வரிசை... கேட் வரைக்கும்!

எங்கள் லய வழக்கம்! குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. நிறைந்ததை எடுக்கிறவர் அடுத்த குடத்தைக் குழாயில் வைத்துவிட்டுப் போக வேண்டும். குடம் இல்லையா? ஒரு கல் போதும். லீவுக்கு அத்தை வீட்டில் கற்றதை என் மகள் ஹாஸ்டலில் நடத்திக் காட்டிவிட்டாள்!

"சேட்டா, முதல்ல யாரும் நம்பல," என்று வார்டன் மலையாளம் கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். "போன குட்டிகள் எல்லாம் திரும்பி வந்தாச்சு. மோளைக் கொண்டுபோகாதீங்க."

வரிசை நடுவில் நிஜமாகவே ஒரு கல்.

"இது யாருது?"

"ரூம்மேட்டோடது. காய்ச்சல்ல படுத்திருக்கா, பக்கெட்டும் உடைஞ்சிருச்சு. அவ எடம்ப்பா அது."

அப்போது ஒரு பெண் அவசரமாகப் பக்கெட்டோடு வந்தாள். கல்லைப் பார்த்தாள். ஒரு காலால் தள்ளினால் போச்சு... தள்ளவில்லை. வரிசைக் கடைசிக்கு நடந்தாள்.

மெர்சி என்னைப் பார்த்தாள். "பெட்டியக் கட்டணுமா?"

"எவன் சொன்னான்?" என்றேன்.

லயத்துக்காரர் என்றால் மூக்கைப் பொத்தியவர்களை எனக்குத் தெரியும். இன்று ஒரு யூனிவர்சிட்டி ஹாஸ்டலே எங்கள் சட்டத்தில்தான் குளிக்கிறது!

கிளம்பும்போது கவனித்தேன். 'வார்டன்' என்று பெயின்டில் எழுதிய நீலப் பக்கெட்டும் வரிசையில்தான் நின்றது – கல்லுக்குப் பின்னால்!