பாப்பாவும் நானும் எழுதிய பரீட்சை

கல்யாணமாகி இரண்டாம் வருஷம், நானும் என் நாத்தனாரும் ஒரே பரீட்சைக்குப் படித்தோம். மருந்தாளர் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நுழைவுப் பரீட்சை அது. அவள் அப்போதுதான் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். நான் எழுதிச் சில வருஷங்கள் ஓடிவிட்டன. இரண்டாம் தடவைதான் மூன்று பாடமும் சித்தியடைந்தேன்; அந்தப் புள்ளிகளும் பல்கலைக்கழகத்துக்குக் காணாது. நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் கொஞ்சநாள் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் தோட்டமொன்றுக்கு மருமகளாக வந்துவிட்டேன்.

என் கணவர் விஞ்ஞான ஆசிரியர். அவருக்கு ஒரே தங்கை. அப்பா செத்தபோது அவள் சின்னப் பிள்ளை என்பதால், வளர்ந்த பிறகும் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். நானும் அப்படியே கூப்பிடப் பழகினேன்.

பரீட்சை அறிவித்தல் வந்திருப்பதை முதலில் பார்த்தது நான். ஒரு மத்தியானம் தொலைபேசியில் பார்த்தேன். அவர் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை பொறுக்க முடியாமல் வாசலுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருந்தேன். வந்ததும் சப்பாத்தைக் கழற்றக்கூட விடாமல் காட்டினேன்.

"நல்லதாப் போச்சு," என்றார். "பாப்பாவும் போடலாம்."

அவர் என்னைத் தள்ளிவைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் மறுநாளிலிருந்து அது பாப்பாவின் பரீட்சை ஆகிவிட்டது. மாமி, அவருடைய அம்மா, கொழுந்து பறிக்கப் போன இடத்தில், மகள் மருந்து படிக்கப் போகிறாள் என்று சொல்லிவிட்டார். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்கள் என்னிடமே வந்து கேட்டார்கள், "ஒங்க நாத்தனா நல்லா படிக்குதா?" என்று. படிக்குது என்றேன். நானும் படிக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பதுளையில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் சனி, ஞாயிறுகளில் இந்தப் பரீட்சைக்கென்றே வகுப்பு வைத்தார். நானும் போகலாமா என்று மாமியிடம் கேட்டேன்.

"போகக் கூடாதுன்னு நான் சொல்லலம்மா," என்றார் மாமி. "ரெண்டு பேரும் கெளம்பிட்டா மாட்டுக்கு யாரு புல்லறுக்கிறது?"

அதில் கோபமோ குத்தலோ இல்லை. நான் புல்லறுக்க நின்றுகொண்டேன். பாப்பா வகுப்புக்குப் போனாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது முகம் வெயிலில் சிவந்திருக்கும். வகுப்பில் என்ன நடந்தது, யார் என்ன கேட்டார்கள், படிப்பித்த சேர் என்ன பகிடி சொல்லிச் சிரிக்கவைத்தார் என்று சொல்லிக்கொண்டே தேத்தண்ணி குடிப்பாள். அவளுடைய கொப்பிகளை எனக்குத் தராமல் இருந்ததே இல்லை. "எடுத்துக்கங்க அண்ணி" என்று அவளே மேசையில் வைத்துவிட்டுப் போவாள். அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்னேரங்களில் அவர் அவளுக்கு இரசாயனம் சொல்லிக்கொடுப்பார். முன்பக்க இஸ்தோப்புத் திண்ணையைப் பலகையால் அடைத்து ஓர் அறையாக்கியிருந்தோம். மேசை அங்கேதான். குசினியில் நின்றாலே எல்லாம் கேட்கும். நான் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பேன். அவர் குரல் அப்போது மாறிவிடும். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, அடுத்த வார்த்தைக்கு இவள் வந்து சேரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. என்னோடு அவர் அப்படிப் பேசியதே இல்லை. கறிக்கு உப்பு காணுமா, தண்ணீர் வந்ததா, இவ்வளவுதான் எங்கள் பேச்சு. தங்கைக்குக் கிடைக்கிற அந்தக் குரலுக்காகத்தான் நான் அதிகம் எரிந்தேன், பரீட்சைக்காக அல்ல.

ஒருநாள் கணக்கொன்று கேட்டார். பத்து கிராம் சோடியம் ஐதரொட்சைட்டைக் கரைத்து, இருநூற்றைம்பது மில்லிலீட்டர் கரைசலாக்கினால் செறிவு என்ன? மூலர்த் திணிவு நாற்பது. பாப்பா யோசித்தாள். எனக்கு வாய் நிற்கவில்லை.

"கால்!" என்று குசினியிலிருந்து கத்தினேன்.

பாப்பா சொன்னாள், "அண்ணி, பத்த நாப்பதால பிரிச்சா வாற கால் மூல் எண்ணிக்கைதான். இன்னும் கனவளவால பிரிக்கணும்ல? ஒன்னு வரும்."

அவள் சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார். "நீயும் வந்து உக்காரேன். ஏன் அங்கருந்து கத்துற?"

"சோத்த யாரு வடிக்கிறது?"

"சரி, பாப்பா முடிக்கட்டும். பொறவு நாம பாப்போம்."

பாப்பா முடித்து, சாப்பிட்டு, நான் பாத்திரம் கழுவி வரும்போது அவர் தூங்கியிருந்தார்.

பரீட்சை கொழும்பில். முதல்நாள் மூன்று பேருமாகப் பகல் ரயிலில் போனோம். அப்புத்தளை தாண்டியதும் பாப்பாவுக்கு வாந்தி. ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, அவர் எலுமிச்சம்பழம் வாங்க அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடினார். அவள் களைத்துப்போய் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மடியில் என் புத்தகம் விரிந்தபடி கிடந்தது. பக்கத்தைத் திருப்பினால் அவள் விழித்துவிடுவாள் என்று அசையாமல் இருந்தேன். அவள் தலை சூடாக, பாரமாக இருந்தது. தள்ளிவிடவும் மனசில்லை, பிரியமாகப் பிடித்துக்கொள்ளவும் மனசில்லை.

பரீட்சையை நான் பயந்ததைவிட நன்றாக எழுதினேன். அதை அவரிடம் சொல்லத்தான் வேகமாக வெளியே வந்தேன். வாசல் கேட்டடியில் நின்றவர் என்னைத் தாண்டிப் பார்த்தார். "பாப்பா வரலையா?" என்றார்.

முடிவு வந்தபோது அவள் தெரிவாகியிருந்தாள். நான் காத்திருப்போர் வரிசையில். மாமி பாயாசம் காய்ச்சச் சொன்னார், நான் காய்ச்சினேன். பிறகு மகளைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் கருகியது, ஒருவருக்கும் தும்மல் வரவில்லை.

"பாத்தியா, நெடியே இல்ல!" என்றார் மாமி. "எத்தன கண்ணுதான் பட்டிருக்கு எம்புள்ள மேல!"

நான் குனிந்து அடுப்பை ஊதினேன். ஊத வேண்டிய தேவையே இல்லை, நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் கஷ்டம். பல்கலைக்கழக அனுமதி வந்தது. பாப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் சித்த மருத்துவம். மருந்தாளர் பயிற்சி வேண்டாம் என்று அவள் அறிவித்துவிட்டாள். கொஞ்ச நாளில், வெற்றிடம் ஒன்றிருக்கிறது, வர முடியுமா என்று எனக்கு அழைப்பு வந்தது. அது அவளுடைய இடம்தானா, வேறு யாராவது விட்டதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் யாருக்கும் அதில் சந்தேகமில்லை.

"பாப்பா விட்டது நம்ம வீட்டுலயே நின்னுருச்சு," என்றார் அவர், சந்தோஷமாக.

"இவளும் பயிற்சின்னு கொழும்புக்குப் போயிட்டா வீடு என்னத்துக்கு ஆகும்?" என்றார் மாமி. உடுப்பு மடித்துக்கொண்டிருந்த பாப்பா தலையை நிமிர்த்தினாள்.

"அண்ணி போகட்டும்மா. மாட்ட வித்துரு."

மாடு விற்கப்பட்டது. இத்தனை மாதமாக நான் பயந்து பயந்து கேட்டுக் கிடைக்காத ஒன்றை, ஒரு சட்டையை மடிக்கிற நேரத்தில் அவள் எனக்கு வாங்கித் தந்துவிட்டாள். நன்றி சொன்னேன். அதற்குள் அவள் அடுத்த சட்டையை எடுத்திருந்தாள்.

பயிற்சி முடிந்து இப்போது இந்த மாகாணத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறேன். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. மாமி கொழுந்துக்குப் போவதை நிறுத்திவிட்டார், இப்போது சமையல் அவருடையது. பாப்பாவுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. போன தீபாவளிக்கு வந்திருந்தாள். லயத்து ஆட்கள் முழுக்க அவளிடம் நாடி பார்க்கக் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே பிடித்துப் பார்த்தாள். நான் அன்றைக்கும் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, கால் வலியோடு படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆட்கள் போனபின் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஒன்னு சொல்லவா? எனக்கு ஒங்க மேல பொறாமையா இருக்கு. நீங்க ஒரு வேலைக்குப் போறீங்க, வாறீங்க. நான் இன்னும் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டே கெடக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மனசில் ஒன்றும் வைக்காத சிரிப்பு. உள்ளே போய், "அண்ணே, எனக்கு அண்ணி மேல பொறாமை!" என்று அவரிடமும் கத்திச் சொன்னாள். அவரும் சிரித்தார், மாமியும் சிரித்தார்.

எத்தனை லேசாகச் சொல்லிவிட்டாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதுவும் வராது.