பவுனுக்கு ஒரு படுக்கை

செஞ்சியில் குதிரை என்று வாயெடுத்தால் போதும், டீக்கடையில் நிற்கிறவர் முதல் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் வரை எல்லாரும் ராஜா கதைக்குப் போய்விடுவார்கள். ராஜா எந்த வாசலில் புறப்பட்டார், குதிரை எவ்வளவு தூரம் தாண்டியது, எல்லாம் கூடவே ஓடிப் பார்த்ததுபோலச் சொல்வார்கள். கோட்டைக்குள் லாயம் இருந்த இடத்தைக்கூடக் கைகாட்டுவார்கள். அந்தக் குதிரைகள் எதன்மேல் படுத்தன என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் வாய் திறக்க மாட்டார். சாணி அள்ளியவள் எந்தக் கதையிலும் வருவதில்லை.

இந்தக் கதையில் அவள்தான் வருகிறாள். பெயர் சாமுண்டீஸ்வரி. திண்டிவனம் சாலையில் கல்யாணக் குதிரை வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். அவள் கணவன் ஆனந்தராஜும் அவன் அண்ணன் ஜெயராமனும் கூட்டாக இரண்டு வெள்ளைக் குதிரைகள் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு அனுப்புவதுதான் தொழில். ஜெயராமன் கல்யாணம் பிடிப்பார், ஆனந்தராஜ் கடிவாளம் பிடிப்பான், மற்றதெல்லாம் சாமுண்டீஸ்வரி. கூட்டித் தள்ளுவது, குளிப்பாட்டுவது, தீனி வைப்பது, படுக்கை போடுவது. இதையெல்லாம் அந்த வீட்டில் யாரும் தொழில் என்று கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டில் ஒன்று சிங்காரம். வயதான குதிரை, ஒழுங்கான பிறவி. கொட்டகையின் ஒரே மூலையில் லத்தி போட்டுவிட்டு எதிர் மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். இன்னொன்று பவுனு. வெள்ளைக் குதிரைக்கு எதற்குப் பவுனு என்று பெயர் என்று கேட்பவர்கள், காலையில் வந்து அதன் விலாவைப் பார்த்தால் கேட்க மாட்டார்கள். சாயங்காலம் உள்ளே விட்டால் செக்குமாடுபோலச் சுற்றும். போட்ட லத்தியை மிதிக்கும். மிதித்ததை வைக்கோலோடு சேர்த்துப் பிசையும். நல்ல வைக்கோலைத் தின்றுவிட்டு நனைந்ததை மிச்சம் வைக்கும். பிறகு அதன் நட்டநடுவில் இடம் பார்த்து, புது மருமகள் மாதிரி பதவிசாகப் படுக்கும். விடிந்தால் உடம்பில் பாதி வெள்ளை, பாதி மஞ்சள். அந்த மஞ்சள் எந்த சோப்புக்கும் சட்டென்று அசையாது.

கல்யாணக் குதிரை வைத்திருப்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாளே குதிரையைக் குளிப்பாட்டி, தலைக்கயிற்றை உயரத்தில் இழுத்துக் கட்டி, பின்னங்காலுக்கும் கயிறு போட்டுவிடுவார்கள். குதிரை படுக்க முடியாது. படுக்காத குதிரைக்குக் கறை ஏது? எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், ஜெயராமனும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். போன தை மாதம் முகூர்த்தம் வரிசையாக வந்ததில் பவுனு படுக்கவே இல்லை. கடைசிக் கல்யாணத்தில், மேளச் சத்தத்துக்கு நடுவிலேயே கண் சொருகி, முன்முட்டி மடங்கி, மாப்பிள்ளையோடு முன்னால் சரிந்தது. ஆனந்தராஜ் தோள் கொடுத்துத் தாங்கினான். மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பவுனுவின் இரண்டு முட்டியிலும் தோல் பெயர்ந்துவிட்டது.

மஞ்சள் அரைத்து அந்த முட்டியில் பூசிய அன்றைக்கே சாமுண்டீஸ்வரி கயிற்றை அவிழ்த்துக் கிணற்றடியில் வீசிவிட்டாள். "இனிமே இத நிக்கவெச்சுக் கட்டுனா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

ஜெயராமனுக்குத் தம்பி மனைவியோடு நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை. தம்பி வழியாகத்தான் பேசுவார். தம்பி பக்கத்தில் இல்லாவிட்டால் சிங்காரத்தைப் பார்த்துப் பேசுவார். "ஆனந்து, குதிர நின்னுக்கினேதான் தூங்கும்னு உலகத்துக்கே தெரியும். உன் பொண்டாட்டிக்கு மட்டும் தெரியல."

"அது கண்ணசர்றது மாமா," என்றாள் அவள். "தூக்கம் இல்ல."

அவள் அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருஷம் அவள் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவள். நின்றவள் என்றால் நிஜமாகவே நின்றவள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்ற சட்டமெல்லாம் பிற்பாடு வந்தது. பாதி திறந்த கண்ணோடு நின்றுகொண்டே தூங்க அவளுக்கும் பழகியிருந்தது, சிரித்த முகத்தோடு வேறு. காலில் நரம்பு சுருண்டு சுருண்டு நீலமாகப் புடைத்தது. ஒரு தீபாவளி நெரிசலில், கல்லாவுக்கு நேர் எதிரே, விரித்த சேலைகளின் நடுவில் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் ஓடிவந்து எழுந்திரு என்றார். மாட்டேன் என்றாள். அன்றோடு வேலை போயிற்று. வீட்டில் திட்டு விழுந்தது. அவள் அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

கட்டாமல் விட்டதும் மறுபடியும் கறை வந்தது. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும் அவசரத்தில் ஆனந்தராஜ் ஒரு காரியம் செய்தான். வேட்டிக்குப் போடுகிற சொட்டுநீலத்தை வாளித் தண்ணீரில் கலந்து பவுனுவின் மேல் ஊற்றினான். வேட்டிக்கு எத்தனை சொட்டு என்பது அவனுக்குத் தெரியும், குதிரைக்கு எத்தனை என்று தெரியாது. பாட்டிலைக் கவிழ்த்துவிட்டான். வெயிலில் காயக் காயக் குதிரை வானத்து நிறத்துக்கு வந்தது. மண்டப வாசலில் பெண் வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாட்டுப் பொங்கலுக்கு வந்த குதிரையா என்று ஒருவர் கேட்டார். மாப்பிள்ளை ஏற மாட்டேன் என்று காரில் போய்விட்டான்.

ஜெயராமன் முகம் கறுத்துப்போய் வந்தார். அவமானம் அவருக்கு நிஜமாகவே வலித்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஊர் ஊராகப் போய்க் கல்யாணம் பிடிக்கிறவர் அவர், நாளைக்கு அந்த வாசல்களில் போய் நிற்க வேண்டியவரும் அவர்.

"ஆனந்து, கேட்டுக்கோ. அடுத்த கல்யாணத்துக்கு இது சுத்தமா போவணும். இல்லன்னா நான் கட்டுவேன். கட்ட வுடலன்னா பீச்சுல சவாரி ஓட்டுறவன் ஒருத்தன் கேட்டுக்கினே இருக்குறான், அவனுக்குத் தள்ளிவுட்டுடுவேன்."

வெயிலில், உப்பு மணலில், நாள் முழுக்க நிற்கிற குதிரைகளை அவள் பார்த்திருக்கிறாள். "சுத்தமா போவும்," என்றாள். "படுத்துத் தூங்கிட்டே சுத்தமா போவும்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்குத் தெரியாது. வைக்கோல் ஏற்கெனவே தோற்றிருந்தது. அரிசி மில்லில் உமி சும்மாவே அள்ளிக்கொள் என்றார்கள். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் பவுனு சுற்றிய சுற்றில் தூசி கிளம்பி, குதிரையும் இருமியது, அவளும் இருமினாள். எண்ணெய்ச் செக்கிலிருந்து மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் தோல் கொண்டுவந்து கொட்டினாள். பவுனு அதை விருந்து என்று நினைத்துக்கொண்டது. தின்றது போக மீதி நனைந்து பூஞ்சை பிடித்தது. ஏரி மணல் போட்டால் அதிலும் வாயை வைத்து நக்கியது. வயிற்றில் மண் சேர்ந்தால் குதிரை பிழைக்காது என்று பயந்து அன்றைக்கே வாரி வெளியே போட்டாள். தென்னை நார்த்தூள் ஈரத்தை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சியது. ஆகா என்று மகிழ்ந்தாள். காலையில் பார்த்தால் நார்த்தூளின் சாயம் ஏறி, வெள்ளைக் குதிரை செம்மண் குதிரையாக எழுந்து நின்றது. அவள் வாளியை உதைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். அழுதது கோபத்தில்.

அழுது முடித்ததும் அவள் படுக்கையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குதிரையைப் பார்க்க ஆரம்பித்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொள்வாள். பவுனு பசியில்தான் சுற்றுகிறது என்று தெரிந்தது. புல்லை மொத்தமாகப் போடாமல் பிரித்துப் பிரித்துப் போட்டாள், சுற்று பாதியாகக் குறைந்தது. பெண் குதிரை, வாசலைப் பார்த்தே நிற்கும் என்பதால் மூத்திரம் எப்போதும் பின்பக்கச் சுவரோரமாகத்தான் விழுந்தது. அங்கே மட்டும் தச்சுப் பட்டறை மரத்தூளைக் கனமாகக் கொட்டினாள். மற்ற இடத்தில் உமியைப் பரப்பித் தூசி அடங்கும் அளவுக்குத் தண்ணீர் தெளித்தாள். அதன்மேல் முழங்கால் உயரத்துக்கு நீள வைக்கோல். அதைப் பவுனு தின்னாமல் இருக்க, வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலக்கி, துணியை நனைத்து மேலே உதறினாள். பவுனு ஒரு வாய் கடித்துப் பார்த்து, உதட்டைச் சுருட்டிக்கொண்டு அவளை முறைத்தது. "முறைச்சிக்கோ," என்றாள்.

அதோடு வேலை முடிந்துவிடவில்லை. லத்தி விழ விழ அள்ள வேண்டும். நனைந்ததைக் காலையில் எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். சமைத்துக்கொண்டிருப்பாள், தொப்பென்று சத்தம் கேட்டால் கரண்டியை வைத்துவிட்டு முறத்தோடு ஓடுவாள். தெருவில் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களைப் பார்த்து அவளும் சிரித்தாள், ஆனால் நிற்கவில்லை.

ஐப்பசியில் அந்த அடுத்த கல்யாணம் வந்தது. மேல்சித்தாமூர் பக்கத்து மாப்பிள்ளை, செஞ்சி மண்டபம். முந்தின நாள் மத்தியானமே பவுனுவைக் குளிப்பாட்டி உள்ளே விட்டாள். வெயில் சாயும் நேரத்துக்கு ஜெயராமன் புதுக் கயிற்றோடு வந்தார்.

"ஆனந்து, நாளைக்கு ரிஸ்க் எடுக்க முடியாது. பெரிய எடம். உன் பொண்டாட்டிய அந்தப் பக்கம் போவச் சொல்லு, நான் கட்டணும்."

ஆனந்தராஜ் அண்ணனையும் பார்த்தான், மனைவியையும் பார்த்தான், கடைசியில் சிங்காரத்தைப் பார்த்தான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

சாமுண்டீஸ்வரி யாரோ வீட்டு வளைகாப்புக்குப் போய்வந்து, உடுத்திய சேலையோடு நின்றிருந்தாள். பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை. அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து கணவனின் அண்ணன் எதிரில் அவள் உட்கார்ந்ததுகூடக் கிடையாது. அவர் வந்தால் எழுந்து நிற்பாள். அப்படித்தான் வழக்கம். அவள் கொட்டகைக்குள் போனாள். பவுனுவின் பக்கத்தில், அந்த வைக்கோல் படுக்கையில், மல்லாந்து நீட்டிப் படுத்துவிட்டாள்.

ஜெயராமன் பதறிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆனந்து! இன்னாடா இது! எழுந்திருக்கச் சொல்லுடா!"

"மாமா," என்றாள் படுத்தபடியே. "நான் நல்லா பொரண்டுட்டு எழுந்து வரேன். என் பொடவையில ஒரு பொட்டு கறை இருந்தா நீங்க கட்டுங்க. இல்லன்னா கவுற எடுத்துக்கினு கெளம்புங்க."

சொன்னபடி இந்தப் பக்கம் ஒரு புரளல், அந்தப் பக்கம் ஒரு புரளல். பவுனு குனிந்து அவள் தலையை மோந்து பார்த்தது. எழுந்து வெளியே வந்து, முதுகைக் காட்டி நின்றாள். வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. கறை இல்லை. ஜெயராமன் திரும்பிப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்தபடி நின்றார். ஆனந்தராஜ்தான் பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதல்தடவையாக அண்ணனிடம் சத்தமாகச் சொன்னான்: "சுத்தமா கீது ணா."

ஜெயராமன் கயிறோடு போய்விட்டார். போகும்போது சுவரிடம் சொன்னார்: "நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாள் காலையில் பவுனு விலாவைக் கிடத்தி, காலை நீட்டி, வாயோரம் எச்சில் ஒழுக அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பிப் பார்த்தால், பின்தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள். ஒன்றே ஒன்று. தேய்த்துப் பார்த்தாள், மங்கியது, போகவில்லை. ஆனந்தராஜ் சேணத்துணியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டு மறைக்கலாம் என்றான். அவள் கொஞ்சநேரம் யோசித்தாள். தோற்றுவிட்டோமோ என்று பயமாகத்தான் இருந்தது. பிறகு துணியை அதன் இடத்திலேயே போட்டாள். ஊர்வலத்துக்குத் தானும் கிளம்பினாள்.

மண்டப வாசலில் நாதஸ்வரம் தொடங்கியாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா, பட்டுச்சேலையும் கூர்மையான கண்ணுமாக, குதிரையைச் சுற்றி வந்தார். பின்தொடையில் வந்து கண் நின்றது.

"இன்னாங்க இது, கறையா?"

ஜெயராமன் வாயைத் திறந்தார். அது நிழல் என்றோ, மச்சம் என்றோ ஏதோ சொல்லத்தான் இருந்தார். சாமுண்டீஸ்வரி முந்திக்கொண்டாள்.

"கறைதாம்மா. ராத்திரி படுத்துத் தூங்குச்சு, அதுல பட்டுது. ஒரு பொட்டும் இல்லாத குதிர வேணும்னா நிக்கவெச்சுக் கட்டணும். அப்படிக் கட்டுன குதிரதான் தை மாசம் மாப்பிள்ளையோட சரிஞ்சிது. இது நல்லா தூங்குன குதிர. உங்க புள்ளைய பத்திரமா கொண்டுபோய் எறக்கும். வேணான்னா சொல்லுங்க, ஓட்டிக்கினு போயிடுறோம்."

மேளக்காரர்கூட ஒரு அடி தவறவிட்டார். அந்த அம்மா பவுனுவின் கண்ணைப் பார்த்தார். அது தெளிந்த கண்ணோடு காதை முன்னால் நீட்டி, மாலையிலிருந்து ஒரு பூவைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என் புள்ளையே ராத்திரி முழுக்கத் தூங்கல," என்றார் அவர். "ஒருத்தராவது தூங்கியிருக்கீங்களே. ஏறுடா."

மாப்பிள்ளை ஏறினான். மண்டபத்திலிருந்து பஜார் சுற்றி வரும்வரை பவுனு ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. வாண வேடிக்கைக்கும் மிரளவில்லை. சாமுண்டீஸ்வரி கூட்டத்தின் ஓரமாக, கறை இருந்த பக்கத்திலேயே நிமிர்ந்து நடந்து வந்தாள்.

ஜெயராமன் அதன்பிறகு விற்கும் பேச்சையே எடுக்கவில்லை. பாராட்டவும் இல்லை, அவர் குணம் அது. கார்த்திகையில் ஒரு கல்யாணம் பிடித்துக்கொண்டு வந்தார். கொட்டகை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். தம்பி பக்கத்தில்தான் இருந்தான்.

"ஆனந்து, டிராக்டர் வருது. ஒரு கட்டு வைக்கல் போதுமான்னு கேளு. ரெண்டு வேணுமா?"

ஆனந்தராஜ் திரும்புவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மூணு."