வெட்டிய பகுதிகளை அழி

அப்பா சுகுமாரன் முப்பது வருடத்துக்கு மேல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பைராம் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தைப் பற்றி எதுவும் பேசமாட்டார். கிரேனைப் பற்றிக் கேட்டால் பேசுவார். அதிலும் பாதிப் பேச்சு யூசுப் மாமாவைப் பற்றித்தான் இருக்கும்.

மாமா கீழே நின்று கை காட்டுபவர். கிரேனில் இருப்பவருக்குச் சரக்கு இறங்கும் இடம் பல சமயம் தெரியாது. கீழே இருப்பவரின் கை தெரியும். விரல் சுழன்றால் தூக்க வேண்டும், முஷ்டி மூடினால் நிறுத்த வேண்டும். பிறகு வாக்கி டாக்கி கொடுத்தார்கள். அப்பா அதைக் காதோரம் வைத்துக்கொண்டு கையைத்தான் பார்த்தார். வீட்டுக்குக் கீழே கெரெத்தாவை, அதாவது காரை, பின்னால் எடுக்கக்கூட மாமா வர வேண்டும். அவர் இல்லாத நாளில் நான் நிற்பேன். "நீ கை காட்டுறியா, ஈ ஓட்டுறியா?" என்பார் அப்பா.

ஒரு மழை நாளில் அப்பா அந்தக் கைக்காகக் காத்திருக்கவில்லை. அவசரப்பட்டு இறக்கிவிட்டார். கம்பி வடத்துக்கும் பெட்டிக்கும் நடுவே சிக்கி மாமாவின் வலது ஆள்காட்டி விரல் நுனி போயிற்று. விசாரணையில் மாமா, தானே தவறாகக் கை காட்டியதாகச் சொன்னார். அப்பாவின் வேலை தப்பியது. நான் படித்தது அந்த வேலையில்தான். அப்பா இதை ஒருபோதும் மறைத்ததில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். சொல்லத் தொடங்கியதும் மாமா எழுந்து வெளியே போய்விடுவார்.

போன மாதம் அப்பா தூக்கத்திலேயே இறந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தில் திரையில் காட்ட அவர் படங்களைத் தொகுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளனாக இருக்கிறேன். வாரந்தோறும் ஸ்லைடு தயாரிப்பவன். படத்தில் சொல்ல வந்த பொருள் மட்டும் இருக்க வேண்டும், ஓரத்தில் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அது தொழில் பழக்கம்.

அப்பா சிரிக்கும் படம் ஒன்றே ஒன்று இருந்தது. அவருடைய கடைசி வேலை நாளில் கிரேன் அடியில் எடுத்தது. பக்கத்தில் மாமா. அப்பாவின் கழுத்துக்குப் பின்னால் கையைப் போட்டு மறு தோளைப் பிடித்திருந்தார்.

அத்தை வள்ளியம்மா அதைப் பார்த்துவிட்டு, "மாலை போடுற படம்பா. உயிரோட இருக்கறவங்கள அதுல வைக்காத" என்றார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. படம் பார்க்கவும் சுத்தமாக இருக்கும்.

ஓரங்களை வெட்ட, கிராப் செய்தேன். வலது ஓரத்தை உள்ளே தள்ளியதும் மாமா போனார். கை போகவில்லை. இடது ஓரத்தையும் தள்ளினால் அப்பாவின் தோளும் காதும் போய்விடும். ஆகவே இணையத்தில் ஒரு மாலைப் படத்தை எடுத்து அந்தக் கையின் மேல் வைத்தேன். கோப்பு பெரிதாக இருந்ததால், படங்களைச் சுருக்கும் இடத்தில் 'வெட்டிய பகுதிகளை அழி' என்பதற்கு டிக் போட்டுச் சேமித்தேன். படங்கள்தான் ஸ்லைடில் ஏறிவிட்டனவே என்று அப்பாவின் போனிலிருந்த எல்லாவற்றையும் துடைத்து, அதைத் தங்கை ரூபினியிடம் கொடுத்தேன். எல்லா வேலையும் ஒழுங்காக முடிந்தது.

மடிக்கணினியில் மாலை கையை மறைத்தது. கூடத்தின் பெரிய திரையில் மறைக்கவில்லை. பூக்களுக்கு இடையே விரல்கள் தெரிந்தன. அதில் ஒன்று குட்டை.

அத்தைதான் முதலில் கண்டுபிடித்தார். "மோகன், யாரு கைக்குடா மாலை போட்டிருக்க?"

எல்லோரும் திரும்பினார்கள். மாமா பின்வரிசையில் இருந்தார். மடியிலிருந்த தன் கையைக் குனிந்து பார்த்தார்.  பிறகு அவரே சொன்னார். "சுகு தனியா போவ மாட்டான்லா. துணைக்கு என்னையும் அனுப்பப் பாக்குறான் இவன்."

சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. நான் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மாமா ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு என் அருகே வந்து உட்கார்ந்தார். அந்தப் படம் தன்னிடம் இல்லை என்றார். அப்பாவின் போனில் மட்டும்தான் இருந்ததாம். அனுப்பு அனுப்பு என்று கேட்டும் அப்பாவுக்கு அனுப்பத் தெரியவில்லையாம்.

"முழுசா ஒண்ணு எனக்கு அனுப்பு தம்பி. வீட்டுல ஹுஸ்னா பிரேம் போடணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா."

மாலையை நீக்கினேன். கிராப் கைப்பிடியைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன். அழிக்காமல் விட்டிருந்தால், வெட்டியது அப்படியே திரும்பி வந்திருக்கும். வெள்ளை வந்தது. இன்னும் இழுத்தேன். வெள்ளை அகலமாயிற்று. வராது என்று தெரிந்தும் இழுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கதான்பா நான் நின்னேன்" என்று வெள்ளையைக் காட்டினார். நான் இடம் தெரியாமல் தேடுவதாக நினைத்திருக்க வேண்டும்.

சொன்னேன். வெட்டியதையும், வெட்டியதை அழித்ததையும், போனைத் துடைத்ததையும்.

"எதுக்கு அழிச்ச?"

"இடம் மிச்சமாகும்னு, மாமா."

"எவ்ளோ மிச்சமாச்சு?"

"ரெண்டு எம்பி."

"அது ரொம்பப் பெருசா?"

"இல்ல மாமா" என்றேன். "ரொம்பச் சின்னது."