கன்னிவாடி மலைப்பாதையில் நாங்கள் பெயர்த்த மூன்று கற்கள்

சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. என் வீட்டிலேயே நம்பவில்லை. தங்கை மகன் கல்லூரிச் சேவை முகாமுக்குக் கன்னிவாடி மலைக்கிராமம் போகிறானாம், வழி கேட்டான். அவனுக்கும் அவனைப்போல் மூட்டை கட்டுகிறவர்களுக்கும் எழுதுகிறேன்.

1978 அக்டோபர். திண்டுக்கல்லில் காலை ஆறு மணி பஸ், கன்னிவாடிக்கு ஒரு ரூபாய். மூவேந்தர்களும் ஏறி இறங்கிய அதே பஸ், அதே சீட்டுகள். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம், நான்கு மணி நேர நடை. வழியில் முருங்கைக்காய் நீளத்துக்கு அட்டைகள். ஒன்று என் செருப்பைக் காலோடு விழுங்கப் பார்த்தது.

அதேபோல் சேவை முகாமுக்குப் போன கல்லூரி மாணவர்கள் நாங்கள் இருபது பேர். மலைமேல் ஊரிலிருந்து இறங்கும் முதல் மூன்று கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும். அதைப் பத்து நாளில் ஒரே நேர்ப்பாதையாக வெட்டித் தருவதாகத் திட்டம். தலைமைப் பொறியாளர் நான்தான். படித்தது விலங்கியல்.

படிகளுக்குக் கல் தேவைப்பட்டது. பழைய பாதையின் மூன்று வளைவுகளில் சுமைதாங்கிகள் நின்றன. நெஞ்சளவு உயரத்தில் இரண்டு கல் நட்டு, மேலே பலகைபோல் ஒரு கல். மூன்றையும் பெயர்த்தோம்.

நோயாளிகளை மூங்கிலில் டோலி கட்டித் தூக்கும் காத்தமுத்து அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். “தம்பி, அது சும்மா நிக்கிற கல்லு இல்லீங்க. மூங்கில அதுல சாய்ச்சுத்தான் நாங்க தோளு மாத்துவோம்.”

“நம்ம பாதையில தோளே மாத்த வேணாம்ணே. வெரசா எறங்கிரலாம்.”

அவர் மனைவி செல்லம்மா, எட்டு மாதக் கர்ப்பிணி, எங்களுக்குத் தினமும் கடுங்காப்பி தருகிறவர், சிரித்தார். “ஏங்க எஞ்சினியரு, ஒங்க படியில புள்ளத்தாச்சி எறங்க முடியுமா?”

“பல்லக்கே எறங்கும்க்கா.”

“படிச்ச பிள்ளைக சொன்னா சரித்தேன்” என்று அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். விருந்தாளிகளிடம் அதற்குமேல் பேசமாட்டார்கள்.

ஒன்பதாம் நாள் காலை, நல்ல மழை. செல்லம்மாவுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. ஏழரைக்கு மூங்கிலில் கம்பளி கட்டி, கன்னிவாடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். முன்னால் இருவர், பின்னால் இருவர். என் படியில் முன்னால் போனவர்கள் பள்ளத்தில், பின்னால் வந்தவர்கள் மேட்டில். கம்பளிக்குள் அவர் சரிந்து சரிந்து முன்னவர்கள் முதுகில் இடித்தார். ஐம்பது படியோடு திரும்ப மேலேறி, பழைய பாதையைப் பிடித்தோம்.

அங்கே கற்கள் இல்லை. தோள் விட்டுப்போகும்போதெல்லாம் சேற்றிலேயே இறக்கினோம். மறுபடி தூக்கும்போதெல்லாம் அவர் அலறினார். நானும் தோள் கொடுத்தேன். முதல் வளைவு, இரண்டாம் வளைவு. மூன்றாம் வளைவில் தூக்கியபோது சத்தம் வரவில்லை.

“எறக்குங்க” என்றார் அண்ணன். “இனி அவசரமில்ல.”

மணி பத்தே முக்கால். இன்னும் ஆறு கிலோமீட்டர் மிச்சம்.

ஊரில் யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் மட்டும் திரும்பிப் போனேன். என் படியிலிருந்து ஒரு பலகைக்கல்லை நாலு பேர் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றுச் சுமையோடு போனவள் நினைவாகச் சுமைதாங்கி நடுவது வழக்கமாம். அவள் இறக்காமல் போனதை வழிப்போக்கர்களாவது இறக்கிவைக்கட்டும் என்று. அப்படியானால் நாங்கள் பெயர்த்த மூன்றும் மூன்று பெண்கள்.

“ஒரு கை பிடிங்க தம்பி” என்றார் அண்ணன். பிடித்தேன்.

மருமகனே, இப்போது மேலே பஸ் போகிறது. நடப்பதென்றால் வெள்ளனே கிளம்பு. அட்டைக்கு உப்பும் புகையிலையும் எடுத்துக்கொள். மண்வெட்டியை எடுக்கும் முன் அந்த வழியில் சுமை தூக்குகிறவரிடம் கேள். அவர் ஒரு தடவைதான் சொல்வார்.

மூவேந்தர் பஸ் பொய். அட்டை முருங்கைக்காய் நீளம் என்றதும் பொய். விரல் நீளம்கூட இருக்காது. மற்றதையும் நம்பவேண்டாம், எனக்கும் அதுதான் வசதி. மூன்றாம் வளைவில், நெஞ்சளவு உயரத்தில், ஒரு கல் நிற்கிறது. உன் பையை அதன்மேல் கொஞ்ச நேரம் இறக்கிவை. அது மட்டும் உண்மை.