உருளைக்கிழங்குப் பழம்

உருளைக்கிழங்குச் செடியிலும் பழம் உண்டு என்று எனக்குக் காட்டியவர், கொருக்குப்பேட்டையில் எங்கள் பின்வீட்டில் குடியிருந்த துறைமுகக் கிரேன் டிரைவர். முறம் போன்ற கைகள் அவருக்கு. பீடி குடிக்காதவர், ஆனாலும் காதில் எப்போதும் ஒரு தீக்குச்சி இருக்கும். அதன் நுனியை நனைத்துத்தான் விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் ஊன்றுவார்.

ஊட்டியிலிருந்து அவர் வரவழைத்திருந்த பச்சைப் பழங்களை நான் வியந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மகள் அவற்றை ரயில் பாதையோரத்தில் பறித்துத் தின்னும் சொடக்குத் தக்காளி என்று நினைத்து ஒன்றைக் கடித்துவிட்டாள்.

“துப்பு பாப்பா, அது விஷம்” என்று பாய்ந்து, டிரைவர் அவள் வாயில் விரலை விட்டுத் தோண்டினார்.

“முழுங்கிட்டாளா?” என்று கத்தினேன்.

உள்ளங்கையில் துண்டுகளைப் பொருத்தி முழுப் பழமாக்கிக் காட்டினார். “பாரு சார், அப்டியே கீது. ஒண்ணும் உள்ள போவல.” உடனே அதிலிருந்தும் விதைகளை எடுக்கத் தொடங்கினார். “இன்னா சார் மொறைக்கிற? பாப்பா கடிச்சா விதை செத்துடுமா?”

மார்கழியில் ஒரு காலை, மதிலுக்கு மேல் அவர் தலை தெரிந்தது. “உம் பொண்ணு கடிச்சது மொளைச்சிக்கினு கீது சார். ஒவ்வொரு விதையும் ஒரு தினுசு. இன்னா கெழங்கு வரும்னு சாமிக்கே தெரியாது.”

மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கடுகளவு இலைகள். அவளைத் தொடவிடவில்லை; குனிந்த நான் நிமிர வெகுநேரமாயிற்று. அவ்வளவு பயந்திருந்த என்னை அந்த மனிதர் எப்படி ஓடிவர வைத்தார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.