வீட்டில் பேசுவாள் என்று சொல்லப் போனேன்

என் மகள் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் வாயை மூடவே முடியாது. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியோடுகூடச் சண்டை போடுவாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் மட்டும் ஒரு சொல் வராது.

ஒருநாள் பாகூரில் அவள் படித்த பள்ளியில் எங்களைக் கூப்பிட்டார்கள். மனைவிக்குக் காய்ச்சல். நான்தான் போனேன். நாலு பேர் எதிரே நின்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியதும் அதனால்தான்.

“மூளை வளர்ச்சி கம்மியா இருக்கும்போல. ஸ்பெஷல் ஸ்கூல்ல சேத்துடுங்க,” என்றார் தலைமையாசிரியை. “வூட்லயாவது பேசுதா?”

பேசும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் கரும்பு வெட்டை விட்டுவிட்டுப் போயிருந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. தலையைக்கூட ஆட்ட முடியவில்லை. மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பாவே இப்பிடின்னா பொண்ணு இன்னா மேடம் பண்ணும்?” என்று இன்னொரு ஆசிரியர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளைப் பள்ளியை விட்டு நிறுத்திக்கொள்ளச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் ஊர் கிருமாம்பாக்கத்துக்குத் திரும்பும் வழியில், மொபெட்டில் பின்னால் இருந்தவள் என் முதுகைத் தட்டினாள். “பரவால்லப்பா. எனக்கும் அங்க அப்பிடித்தான் ஆவும்.”

ஊமை என்று ஊர் கேலி செய்தபோதெல்லாம், என்னைப் புரிந்துகொள்ள ஒரே ஒருவர் இருந்தால் போதும் என்று ஏங்கியிருக்கிறேன். கிடைத்துவிட்டாள். அவளுக்கு ஏழு வயது. இப்படிக் கிடைத்திருக்கவே வேண்டாம்.