ஒற்றைக் காலில் ஏறிய பட்டைத் தண்ணி

என் அம்மாவின் இடது கணுக்காலை உள்பக்கம் தொட்டால், செருப்பின் அடித்தோலைத் தொட்டதுபோல் இருக்கும்: கெட்டியாக, வழவழவென்று, ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரின் அதே பழுப்பு நிறத்தில். அந்தப் பழுப்பைப் பார்த்து எங்கள் தெருவே ஏமாந்தது. ஏமாறாத ஒரே ஆள் பத்து வயதுப் பையனாக இருந்த நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று ஆம்பூரில் அறுபது பேர் வேலை செய்கிற ஷூ தைக்கும் யூனிட்டுக்கு முதலாளி என்றால், அதற்கு எந்தப் புத்தகமும் காரணமில்லை. கண்ணைத் திறந்து பார்த்ததுதான் காரணம், அப்படிப் பார்க்கத் தொடங்கியது அம்மாவின் காலில்தான்.

அம்மா தோல் பதனிடும் டேனரியில் அலசுகிற வேலை செய்தாள். காலையில் பட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவாள், நடுவில் உட்கார்வது என்ற பேச்சே கிடையாது. இடது கெண்டைச் சதையில் நீல "நரம்பு" ஒன்று நனைந்த கயிறுபோல் முறுக்கிக்கொண்டு நிற்கும். மாலையில் அது விரல் தடிமனுக்குப் புடைத்துவிடும், காலையில் எழுந்தால் இருக்கிற இடம் தெரியாது. தோல்களைத் தடவிப் பார்த்தே தரம் பிரிக்கிற மேஸ்திரி ரஹீம் பாய்தான் எங்கள் எல்லோருக்கும் வைத்தியரும் வக்கீலும். அவர் அம்மாவின் கணுக்காலைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "பட்டைத் தண்ணி ஏறிப்போச்சும்மா. இனிமே அந்தக் காலு நூறு வருஷம் கெடாது. எக்ஸ்போர்ட் சரக்கு!" தொட்டியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

அந்தச் சித்திரை மாதம் எக்ஸ்போர்ட் சரக்கில் ஓட்டை விழுந்தது. கணுக்காலுக்குச் சற்று மேலே எட்டணா அளவுக்கு ஒரு புண். தோலை இறுக்குகிற சாமான் மனிதத் தோலையும் இறுக்காதா என்று அம்மா கடுக்காய்த் தூளை வைத்துக் கட்டினாள், பட்டைத் தண்ணீரால் கழுவினாள். தன் காலைத் தானே பதம் போட்டாள் என்று சொல்லவேண்டும். புண் ஆறவில்லை, அகலமானது. "பெரியாஸ்பத்திரிக்குப் போனா முட்டியோட எடுத்துடுவாங்க" என்று குழாயடியில் யாரோ சொன்னதிலிருந்து ஆஸ்பத்திரி என்ற வார்த்தையையே வீட்டில் எடுக்க முடியவில்லை. அரக்கோணத்தில் மூட்டை ஏற்றுகிற அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து கெஞ்சினாலும் அம்மாவின் பதில் ஒன்றுதான். "காலு போச்சுன்னா தொட்டியில யாரு நிப்பா? நீங்கல்லாம் இன்னா துன்னுவீங்க?"

பள்ளிக்கூடம் லீவு. அவளுக்கு நடக்கவே முடியாமல் போன பதினைந்து நாள் அவளுடைய இடத்தில் நான் நின்றேன். முதல் நாளே என் இரண்டு கால்களிலும் காலுறை போட்டதுபோல் ஒரே உயரத்துக்குப் பழுப்பு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை செங்கல் துண்டால் தேய்த்ததும் பாதி போய்விட்டது. தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. எனக்கு இரண்டு காலிலும் ஏறிய தண்ணீர் அம்மாவுக்கு மட்டும் ஏன் ஒற்றைக் காலில், அதுவும் உள்பக்கத்தில் மட்டும் ஏறியது? அவள் என்ன கொக்கா, ஒரு காலை மடக்கிக்கொண்டா நின்றாள்? அப்பாவிடம் சொன்னேன். "பெரிய டாக்டரு வந்துட்டாரு, போடா" என்றார். மறுநாள் ரஹீம் பாயிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தொட்டியில் நின்றவர்களின் கால்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

அன்று சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அந்தக் காலைப் பார்க்கத்தான். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, எழுந்து நின்ற அம்மாவின் கணுக்கால் இரும்பு வாளியின் விளிம்பில் உரசியது. வலித்ததாகக்கூட அவள் சொல்லவில்லை. ரத்தம் மட்டும் ஊசியில் பீய்ச்சுவதுபோல் எதிர்ச்சுவர் வரைக்கும் அடித்தது. நான் கொடிக் கயிற்றை அறுத்து முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். ரத்தம் இன்னும் வேகமாக வந்தது. இன்னும் இறுக்கினேன். அம்மா கண் செருகிச் சாய்ந்தாள்.

"அடேய், கயித்த அவுரு! ஜல்தி!" என்று ரஹீம் பாய் என்னைத் தள்ளிவிட்டு, அவளைத் தரையில் படுக்கவைத்து, அந்தக் காலை அரிசி மூட்டைமேல் தூக்கிப்போட்டு, தோளில் இருந்த துண்டைச் சுருட்டி ரத்தம் வந்த இடத்தில் அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாருமில்லை. "தொங்குற தோலு எந்தப் பக்கம்டா வடியும்? கீழ்ப்பக்கம்தானே? அப்ப காலை மேல தூக்கணும்" என்றார். அதோடு அம்மாவிடம், "உன் பையன் கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா. இது பட்டைத் தண்ணி இல்ல. நாளைக்கு முதல் பஸ்ல வேலூரு போ. பேஜார் பண்ணாதே" என்றார். அவர் முதல்தடவையாகத் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டதால்தான் அம்மா பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. அம்மாவைப் படுக்கவைத்துக் காலை உயரத் தூக்கினார். புடைத்திருந்த நரம்பு வற்றிப்போனது. தொடையின் மேல்பக்கம் ஒரு ரப்பர்க் குழாயைக் கட்டி எழுந்து நிற்கச் சொன்னார், நரம்பு எழும்பவில்லை. ரப்பரை அவிழ்த்தாரோ இல்லையோ, மேலிருந்து கீழாகச் சரசரவென்று ரத்தம் இறங்கி அது மறுபடியும் புடைத்தது. 

"இது நரம்பு இல்ல, ரத்தக் குழாய். கணுக்கால்ல தொடங்கி, கால் உள்பக்கமாவே ஏறி, கவட்டியில உள்ளே இருக்கிற பெரிய குழாய்ல சேருது" என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினார். "ரத்தம் மேலே போகணும், கீழே திரும்பாம இருக்க வழி நெடுக சின்னச் சின்னக் கதவு இருக்கு. நின்னு நின்னு மேல் கதவு கெட்டுப்போச்சு. தேங்கின ரத்தம் கசிஞ்சுதான் தோல் இப்படிப் பழுப்பாச்சு, புண்ணும் ஆறல."

"பம்புசெட்டு ஃபுட் வால்வு மாதிரியா?" என்றேன். தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டாரில் அந்த வால்வு கெட்டால் குழாய்த் தண்ணீர் முழுவதும் கிணற்றுக்கே திரும்பிவிடும் என்பது எனக்குத் தெரியும். டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "அதேதான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நான் எந்தப் பரீட்சையும் எழுதவில்லை, தேவைப்படவும் இல்லை.

அம்மாவுக்கு வால்வு கவலை இல்லை. "காலை எடுத்துடுவீங்களா?" என்றாள், உதடு மட்டும் அசைய.

"காலை எதுக்கும்மா எடுக்கணும்? கெட்டுப்போன அந்தக் குழாயை மட்டும் எடுத்துடுவோம். பெரும்பாலான ரத்தம் உள் குழாய் வழியாத்தான் போகுது. அது நல்லா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் இதைத் தொடுவோம்."

அம்மா அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான், அதுவும் நிம்மதியில். பிறகு டாக்டரம்மா, "ரத்தம் வந்தப்போ கயிறு கட்டினது யாரு? தடம் தெரியுதே. மேலே கட்டினா திரும்பிப் போற வழி அடைஞ்சு இன்னும் ஜாஸ்தியாத்தான் வரும்" என்று கேட்டபோது நான் ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்தேன். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ரெண்டு காலையும் வெச்சுப் பார்த்து, இது வேற இன்னாமோன்னு கண்டுபிடிச்சது இவன்தாம்மா" என்றாள். கயிற்றுக் கதையை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை, இதோ, எழுதிவிட்டேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு புண் இரண்டு மாதத்தில் மூடியது. இறுக்கமான பட்டித்துணியைச் சுற்றிக்கொண்டு, வேலைக்கு நடுவில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளும் உரிமையை ரஹீம் பாயிடம் வாங்கிக்கொண்டு, அம்மா இன்னும் இருபது வருடம் வேலை செய்தாள். கடைசிவரை அந்தக் காலோடுதான் இருந்தாள்.

இன்று அந்தத் தொட்டிகள் இல்லை, மண் போட்டு மூடி மேலே குடோன் கட்டிவிட்டார்கள். பட்டை வாசனையும் ஆம்பூரைவிட்டுப் போய்விட்டது. போன வருடம் என் இடது கெண்டைச் சதையில் நீலக் கயிறு ஒன்று தலைகாட்டியது. நான் கடுக்காய் தேடவில்லை. மறுநாளே வேலூருக்குப் போனேன். சில்லென்ற பசையைத் தடவி, ஸ்கேன் திரையில் கதவுகள் திறந்து மூடுவதையே காட்டினார்கள். வெட்டவில்லை, இழுக்கவில்லை, உள்ளே ஒரு கம்பியை விட்டுச் சுட்டு மூடிவிட்டார்கள். "வலது கால் குழாய் அருமையா இருக்கு சார். பத்திரமா வெச்சுக்குங்க, நாளைக்கு இதயத்துல அடைப்புன்னா மாத்து வழி போட அதைத்தான் எடுப்பாங்க" என்றார் அந்தச் சின்ன வயசு டாக்டர். என் காலில் உதிரி பாகம்கூட முதல்தரம்தான் என்று பேரனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சிகிச்சை முடிந்த அன்று மாலையே வேலூர் லாங் பஜாரில், கைவண்டிகளுக்கு நடுவே, ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏறினேன். அந்த நீலக் கயிறு இப்போது இல்லை. தினமும் குளித்துவிட்டு இரண்டு கணுக்கால்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே நிறம்.